கருவியின் பெயரும் கையின் வினையும்

ஸ்பேனர், அலன் கீ, கட்டிங் பிளேயர், ஹேக்சா, வைஸ், டெஸ்டர், டிரில் பிட், வெர்னியர். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் காதில் விழும் சொற்கள் இவை. அதே தெருவின் வீடுகளில் வாஷர், கேஸ்கட், எல்போ, ஃபியூஸ், டெஃப்ளான் டேப் எல்லாம் முறத்தோடும் தோசைக்கல்லோடும் சேர்ந்து புழங்குகின்றன. வீட்டுவேலை, பழுதுபார்ப்பு, அடிப்படைக் கருவிகள் ஆகிய மூன்று துறைகளிலும் ஆங்கிலச் சொல் இவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பதைப் பற்றி நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் உண்டு. தமிழ் அழிகிறது என்பது ஒன்று. தொழிலுக்கு ஆங்கிலமே போதும், தமிழில் பெயர் தேடுவது வீண்வேலை என்பது மற்றொன்று.

இரு தரப்பும் பெயர்ச்சொற்களையே எண்ணுகின்றன. வினைச்சொற்களையும் வாக்கியங்களையும் எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறாக வரும். கருவியின் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தாலும் தமிழுக்குக் கேடில்லை. அந்தக் கருவியைப் பிடித்த கை செய்யும் வேலைகளைச் சொல்லும் வினைகள் சுருங்குவதும், வேலையின் காரணத்தைச் சொல்லும் வாக்கியங்கள் தமிழில் எழுதப்படாமல் கிடப்பதும்தான் இழப்பு. இதை எல்லைப்புற ஊர் ஒன்றிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லையில் ஒரு தொழில் நகரம்

தொழிற்பேட்டைகளை அமைக்கும் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அது ஓசூரில் அமைத்த வளாகத்தின் முதல் கட்டம் மூக்கண்டப்பள்ளியை ஒட்டியது. 1980இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை ஓசூருக்கு வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், கைக்கடிகாரம் செய்யும் ஆலையை இங்கே நிறுவியது. சம்மட்டி முதல் கடிகாரக்காரரின் சிமிட்டா வரை, பெரிதும் சிறிதுமான கருவிகள் ஒரே ஊரில் கூடின. பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்துதரும் சிறு பட்டறைகள் சுற்றுப்புறத் தெருக்களை நிறைத்தன.

தருமபுரி, சேலம், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே இது பன்மொழி ஊர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது; தெலுங்கும் கன்னடமும் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களோடு இங்கேயே வாழ்ந்தன. உருதும் பேசப்படுகிறது. சூசூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. இத்தனை மொழிக்காரர்கள் ஒரே மெஷினைச் சுற்றி நிற்கும் இடத்தில் ஆங்கிலக் கருவிப்பெயர் எல்லோருக்கும் பொதுவான கைப்பிடியாகிவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்தவரும் அருகிலுள்ள தளியிலிருந்து வந்தவரும் ‘ஸ்பேனர்’ என்றதும் ஒரே பொருளை எடுத்து நீட்டுவார்கள். இந்தப் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

பழைய கடன்கள்

கருவிக்கும் வீட்டுப் பொருளுக்கும் வெளிமொழிப் பெயரை ஏற்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுக்கும்போதே திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தது. கடல்வழி வந்த போர்ச்சுக்கீசியர் தந்தவை சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய். மேஸ்திரியும் இஸ்திரியும் அந்த வழியில் வந்தவை என்பதே பரவலான கருத்து. இலங்கைத் தமிழர் கடப்பாரையை அலவாங்கு என்பார்கள், நாற்காலியைக் கதிரை என்பார்கள், இரண்டும் போர்ச்சுக்கீசியம். பழுதுபார்த்தலுக்கு ஆட்சிமொழியில் நெடுங்காலம் ஓடிய சொல் மராமத்து; அது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. ஏரியை ஊரார் கூடிச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்ற பெயர் நிலைத்து, இன்று அரசுத் திட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. மராமத்துக்குப் பின் வந்தது ரிப்பேர்.

சாவி என்ற சொல் வந்ததால் பூட்டுதலும் திறத்தலும் போய்விடவில்லை. பொருள் வந்த வழியே பெயரும் வந்தது. வினை நம்முடையதாகவே நின்றது. ஆங்கிலக் கடனைப் பார்க்கும்போதும் இந்த அளவுகோலையே கையில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மொழிக்கும் ஒரே உளி

எல்லைப்புறத்தில் இன்னொரு பொதுச்சொத்தும் இருக்கிறது. தமிழில் உளி, கன்னடத்திலும் உளி, தெலுங்கில் உலி. தமிழில் சுத்தி அல்லது சுத்தியல், கன்னடத்தில் சுத்திகெ, தெலுங்கில் சுத்தி. ராவும் கருவி தமிழில் அரம், கன்னடத்தில் அர. மரம் அறுப்பது தமிழிலும் தெலுங்கிலும் ரம்பம். தமிழ்ப் பாரை கன்னடத்தில் ஹாரெ. பகரம் ஹகரமாவது அம்மொழியின் வழக்கமான மாற்றம். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டினால், கைத்தொழிலும் உழவும் சமையலும் சார்ந்த சொற்களில் இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பது தெரியும்.

ஆகவே ஓசூர்ப் பட்டறையில் பொதுமொழி என்றால் அது ஆங்கிலம் மட்டுமே என்ற எண்ணம் பாதி உண்மைதான். மின்மோட்டாருக்கு முந்திய கருவிகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் ஏற்கெனவே ஒரே சொல்லால் பேசிக்கொள்கிறார்கள். மின்சாரமும் மெஷினும் கொண்டுவந்த கருவிகளில் ஆங்கிலம் அந்த வேலையைச் செய்கிறது. தச்சரும் கொத்தனாரும் இன்றும் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குகுண்டு என்றே பேசுவதற்கும், ஃபிட்டரும் டர்னரும் அப்படிப் பேசாததற்கும் காரணம் இதுதான். முன்னவர் தொழிலைக் குடும்பத்திலும் சாரத்தின் மேலும் கற்றார்கள். பின்னவர் தொழிலை ஐடிஐ வகுப்பிலும் கேட்டலாக்கிலும் கற்றார்கள். சொல், தொழில் கற்ற இடத்தைப் பின்தொடர்கிறது.

பட்டறை ஆங்கிலத்தின் உள்ளமைப்பு

பட்டறையில் புழங்கும் ஆங்கிலம் நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் அல்ல. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. டூவீலர் ஷெட்டில் சேரும் பையன் முதலில் கற்பது எண்களை. “தம்பி, பத்து பதினொண்ணு எடு” என்றால் ஒரு முனை 10 மில்லிமீட்டரும் மறுமுனை 11 மில்லிமீட்டரும் உள்ள ஸ்பேனர். ஸ்பேனரின் எண் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைக் குறிக்கும். போல்ட்டின் எண் அதன் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். அதனால்தான் எட்டு எம்எம் போல்ட்டுக்குப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் தேவைப்படுகிறது, ஆறு எம்எம் போல்ட்டுக்குப் பத்தாம் நம்பர். இந்த ஒரு விளக்கம் கிடைக்காமல், எந்த போல்ட்டுக்கு எது என்று மனப்பாடம் செய்தே பல ஆண்டுகள் ஓட்டும் உதவியாளர்கள் உண்டு. பெயரும் எண்ணும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டன, காரணம் கிடைக்கவில்லை.

அளவிலும் பழையதும் புதியதும் அருகருகே நிற்கின்றன. வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரையும் மைக்ரோமீட்டரில் 0.01 வரையும் அளக்கும் ஊரில், கம்பி கட்டுபவரும் தச்சரும் நூல் கணக்கில் பேசுகிறார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் கம்பி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். நான்கு நூல் கம்பி ஏறத்தாழ 12. வடநாட்டுத் தொழிலாளர் இதே அளவை ‘சூத்’ என்பார்கள். அதற்கும் நூல் என்றே பொருள். மரை என்ற சொல்லும் பட்டறையில் உயிரோடு இருக்கிறது. போல்ட் ஓடாமல் சுற்றினால் “மரை போச்சு” என்பதே முதலில் வரும் பேச்சு.

கடன் வந்த சொல் கற்றலுக்கு இடறலாவதும் உண்டு. ‘கரண்ட்’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரண்ட் போச்சு என்றால் மின்வழங்கல் நின்றது. கரண்ட் பில் என்றால் செலவிட்ட மின்னாற்றலுக்கான கட்டணம். கரண்ட் அடிச்சிடுச்சு என்றால் மின்னதிர்ச்சி. ஐடிஐ வகுப்பிலோ கரண்ட் என்பது ஆம்பியரில் அளக்கப்படும் ஓட்டம் மட்டுமே. தமிழ்வழியில் படித்த மாணவர் பத்தாம் வகுப்பில் மின்னோட்டம், மின்னழுத்த வேறுபாடு என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்துப் படித்தவர். அந்தத் தெளிவை வகுப்பறைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக் ‘கரண்ட்’டோடு தொழில் வகுப்புக்குள் போகிறார். அவருடைய பள்ளித் தமிழையும் பட்டறை ஆங்கிலத்தையும் இணைத்துக் காட்ட ஒருவர் இருந்தால் ஒரு பருவத்துத் தடுமாற்றம் தவிர்க்கப்படும்.

வினைகள் சுருங்கும் இடம்

ஆங்கிலப் பெயரைத் தமிழ் வினையோடு கோப்பதில் நம் மெக்கானிக்குகள் காட்டும் நுட்பம் வியப்பூட்டுவது. காத்து அடி, பஞ்சர் ஒட்டு, பெண்ட் எடு, கிரீஸ் வை, ஆயில் விடு, டேப் போடு. ஒவ்வொரு பெயருக்கும் அதற்கே உரிய வினை. கிரீஸை வைக்கத்தான் முடியும், ஆயிலை விடத்தான் முடியும். பொருளின் தன்மையறிந்து வினை வந்து அமர்கிறது. நட்டை முதலில் “கையால ஓட்டு” என்பார் மூத்த மெக்கானிக். பிறகு இறுக்கு என்பார். கடைசியில் முடுக்கு என்பார். மூன்று வினைகள், மூன்று படிகள். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கிவர வேண்டும், ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது என்ற தொழில்முறையே இந்த வினைகளுக்குள் இருக்கிறது. கொல்லருக்கு அடி, நீட்டு, தோய்ச்சல் கொடு, ஃபிட்டருக்கு ராவு, கடைசல்காரருக்குக் கடை, தச்சருக்கு இழை, செதுக்கு.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘பண்ணு’. டைட் பண்ணு என்ற ஒரே கட்டளைக்குள் ஓட்டுவதும் இறுக்குவதும் முடுக்குவதும் கரைந்துவிடுகின்றன. ஃபிட் பண்ணு என்றால் பொருத்துவதா, மாட்டுவதா, செருகுவதா, பூட்டுவதா என்பது கேட்பவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. அனுபவசாலிக்குச் சிக்கலில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு, ஒரு பிளாஸ்டிக் மரை கிழிவதற்கும் கிழியாமல் இருப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இது.

வீட்டுக்குள் சுருக்கம் இன்னும் விரைவாக நடக்கிறது. தமிழில் தரையைப் பெருக்குவோம், துடைப்போம், சாணமிட்டு மெழுகுவோம், பாத்திரத்தை விளக்குவோம், துணியைத் துவைத்து, அலசி, பிழிந்து, உதறிக் காயப்போடுவோம், ஒட்டடை அடிப்போம், அரிசியைப் புடைத்து, கொழித்து, களைவோம். ஒவ்வொன்றும் தனி அசைவு, தனி அளவு தண்ணீர், தனிக் கருவி. ‘கிளீன் பண்ணு’ என்ற ஒன்று இத்தனையையும் விழுங்கப் பார்க்கிறது. அடுக்ககத்தில் வேலைக்கு வரும் அக்காவிடம் கிச்சனைக் கிளீன் பண்ணச் சொன்னால், மேடையைத் துடைப்பதா, சிங்க்கைத் தேய்ப்பதா, தரையைக் கழுவுவதா என்ற கேள்வி எழுகிறது. அந்தத் தெளிவின்மையால் வரும் குறையும் திட்டும் அவர் தலையில் விழுகின்றன. மாப் வந்ததால் நட்டமில்லை. துடைப்பதற்கும் கழுவுவதற்கும் வேறுபாடு தெரியாத பேச்சு வந்தால் நட்டம்.

கலைச்சொல் முயற்சிகள்

புதிய தொழிலுக்குத் தமிழ்ச்சொல் படைக்கும் முயற்சி நூறாண்டைத் தாண்டியது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். 1916இல் சேலத்தில் அவர் நண்பர்களோடு தொடங்கிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குச் சொற்களை ஆக்கியது. வேதியியலை எளிய தமிழில் சொல்லும் ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலையும் அவர் எழுதினார். பின்னர் பெரியசாமி தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வந்த கலைக்களஞ்சியம், கோவையிலிருந்து வந்த கலைக்கதிர் இதழ், தேவநேயப் பாவாணரின் சொல்லாய்வுகள், இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் எனப் பணி வளர்ந்தது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது.

இவற்றின் பயனைப் பள்ளிப் பாடநூல்களில் நாள்தோறும் காண்கிறோம். இவை பெரும்பாலும் வகுப்பறையையும் நூலையும் நோக்கியவை என்பதும் உண்மை. பேருந்து, மிதிவண்டி போன்ற சொற்கள் நிலைத்ததற்குப் பாடநூலும் அரசுப் பலகையும் செய்தித்தாளும் சேர்ந்து அவற்றை மீண்டும் மீண்டும் கண்ணில் காட்டியது காரணம். பட்டறைக் கருவிக்கு அப்படி ஒரு பலகை இல்லை. அங்கே சொல்லைத் தீர்மானிப்பவர்கள் கடைக்காரரும், கேட்டலாக்கும், மூத்த மெக்கானிக்கும். ஆகவே ஸ்பேனருக்கு மேலும் ஒரு மாற்றுச்சொல் படைப்பதில் உழைப்பைச் செலவிடுவதைவிட, ஏற்கெனவே வாழும் சொற்களைத் திரட்டுவது முதல் வேலை.

அண்டை மொழி இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதமிக்காக மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்கின் வட்டாரத் தொழிற்சொற்களை மாவட்டம் மாவட்டமாகக் களத்தில் சேகரித்து அகராதியாக்கினார். உழவுத் தொகுதி 1962இலும் கைத்தறித் தொகுதி 1971இலும் வெளிவந்தன. ஒரே கருவிக்கு எந்த ஊரில் என்ன பெயர் என்பதை, தொழில் செய்பவரின் வாயிலிருந்தே எடுத்த பணி அது. தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் நிலத்தோடு ஒட்டிய சொற்களுக்கு இத்தகைய மதிப்பைத் தந்தன. தொழிற்பேட்டையும் ஒரு வட்டாரம்தான். அதன் வழக்குக்கும் இந்த மரியாதை வேண்டும்.

பற்றாக்குறை வாக்கியத்தில்தான்

சென்னை கிண்டியில் 1986இல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டு இன்று நிமி என்று அறியப்படும் தேசிய நிறுவனம், ஐடிஐ பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிடுகிறது. இது பெரிய அடித்தளம். ஆனால் அந்த நூல் ஐடிஐக்குள் நுழைந்தவருக்கே உரியது. நேரடியாகப் பட்டறையில் சேர்ந்தவர், ஒப்பந்த வேலைக்கு வந்தவர், வீட்டில் குழாய் ஒழுகினால் தானே சரிசெய்ய விரும்பும் பெண் ஆகியோருக்குத் தமிழில் எழுதிய நல்ல வாக்கியங்கள் அரிதாகவே கைக்குக் கிடைக்கின்றன.

என்ன வாக்கியங்கள்? டெஃப்ளான் டேப்பை எல்போ முறுக்கப்படும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது அவிழ்ந்துவிடும். சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் பல்ப் ஹோல்டர் உயிரை வாங்கும். மிக்ஸி திடீரென நின்றால், ஜாரின் சுமையைக் குறைத்து, சற்று ஆறவிட்டு, அடிப்பக்கத்தில் பாதுகாப்புப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பார்க்க வேண்டும். பெஞ்ச் கிரைண்டரில் புதுச் சக்கரம் மாட்டும் முன், பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல மரக்கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசை கணீரென்று வராவிட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், மாட்டக் கூடாது. இவற்றில் ஆங்கிலப் பெயர்கள் நிறையவே உள்ளன. ஆயினும் இவை முழுமையான தமிழ் வாக்கியங்கள். விரலையும் உயிரையும் காப்பவை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 108ஆம் பிரிவில், ஆலைக்குள் ஒட்டவேண்டிய சட்ட அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல என்பதைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. எல்லைப்புறத்தில் இந்தக் கடமை மேலும் விரிகிறது. பெரும்பான்மைக்கு வெளியே நிற்கும் ஒடியா, இந்தி, கன்னடக்காரரின் விரலும் விரல்தான்.

ஆங்கிலத்தையே பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்காகச் சுருக்கி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலேய அறிஞர் ஆக்டன் 1930இல் 850 சொற்களாலான அடிப்படை ஆங்கிலத்தை முன்வைத்தார். கேட்டர்பில்லர் நிறுவனம் 1970களில், உலகெங்கும் தன் மெஷின்களைப் பழுதுபார்ப்பவர்கள் கையேட்டைப் படிக்கும்படி, ஏறத்தாழ 800 சொற்களுக்குள் அடங்கும் ஆங்கிலத்தைக் கையாண்டது. ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1986இல் எளிமையாக்கிய ஆங்கிலத்துக்கான விதிகளை வெளியிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை என்பவை அவ்விதிகளின் உயிர். பராமரிப்புக் கையேட்டைத் தவறாகப் புரிந்துகொண்டால் விமானம் விழக்கூடும் என்ற கவலையே அதற்குப் பின்னால் இருந்தது. தமிழுக்கும் இத்தகைய பராமரிப்பு நடை தேவை. ஓட்டு, இறுக்கு, முடுக்கு என்ற வரிசை நம்மிடம் தயாராக இருப்பதால் இந்த நடையை உருவாக்கும் வேலை நமக்கு எளிது.

செய்யக்கூடியவை

முதலாவது, தொகுப்பு. மூக்கண்டப்பள்ளி முதல் சூசூவாடி வரையுள்ள பட்டறைகளிலும் வீடுகளிலும் புழங்கும் கருவிப்பெயர், பழுதுப்பெயர், வினை ஆகியவற்றைப் படத்தோடு திரட்ட வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஐந்தும் அருகருகே நிற்கட்டும். பொதுவாக இருக்கும் சொற்கள் தாமாகவே வெளிப்படும்.

இரண்டாவது, பெயரில் தாராளம், வினையில் கண்டிப்பு. தமிழில் எழுதும் கையேட்டில் ஸ்பேனரும் வாஷரும் அப்படியே இருக்கட்டும். திருப்புளி, அரம், மரை, ரசமட்டம் எங்கே வழங்குகின்றனவோ அங்கே அவற்றுக்கே முதலிடம். ‘பண்ணு’ வரும் ஒவ்வோர் இடத்திலும் அங்கே உண்மையில் நடக்கும் வேலை எது என்று கேட்டு அதன் வினையை எழுத வேண்டும்.

மூன்றாவது, இணைப்பு. ஐடிஐ ஆசிரியர் முதல் வாரத்திலேயே மின்னழுத்தம் என்று நீ படித்ததுதான் இங்கே வோல்டேஜ் என்று சொல்லிவிட வேண்டும். பள்ளித் தமிழில் பெற்ற கருத்து, தொழிலுக்குள் நுழையும்போது வாசலில் நிற்கக் கூடாது.

நான்காவது, வீடு. பழுதுபார்க்கும் சொற்களைக் கற்கும் வாய்ப்பு நெடுங்காலமாக ஆண்களுக்கே கிடைத்து வந்திருக்கிறது. ஓசூரைச் சுற்றியுள்ள மின்னணு ஆலைகளில் நுட்பமான கருவிகளை இன்று இயக்குபவர்களில் இளம்பெண்கள் ஏராளம். வீட்டுப் பழுதுக்கான தமிழ்க் கையேடு அவர்களையும் வாசகராக நினைத்து எழுதப்பட வேண்டும்.

ஓசூரில் இதற்குத் தேவையான எல்லோரும் இருக்கிறார்கள்: ஐடிஐ ஆசிரியர்கள், சிறுதொழில் முனைவோர், மும்மொழியும் பேசும் மூத்த மெக்கானிக்குகள், வேலை கற்க வந்திருக்கும் பல மாநிலத்து இளைஞர்கள். கலைச்சொல் முன்னோடி ஒருவரைத் தந்த மண், அவர் காலத்தில் தொடாத பட்டறைச் சொல்லை இப்போது கையில் எடுக்கலாம். சாவியைத் தனதாக்கிய தமிழ் ஸ்பேனரையும் தனதாக்கிக்கொள்ளும். அந்த ஸ்பேனரை எந்தப் பக்கம், எவ்வளவு, ஏன் முடுக்க வேண்டும் என்பதை ஒரு தொழிலாளி தன் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலையை உருவாக்குவது நம் தலைமுறையின் பொறுப்பு.